முதல் அழைப்பு

எட்டுப் பேர் என்கிறது தொலைக்காட்சி.
தீயணைப்பு நிலையக் கூடத்தில்,
வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்,
மாலை ஆறு பதினேழுக்கு
எல்லாம் தொடங்கியதாம்.

என் பதிவேட்டில் தொடக்கம் வேறு.

ஆறு வருடம் முன்பு, பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
அவசர அழைப்பு மேசையில் நான்,
மடியில் பாதி பின்னிய கையுறை.
ஒரு பெண் குரல், மூச்சை அடக்கிக்கொண்டு:
"நாயைச் சுட்டுட்டார்."
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.
திரும்ப அழைத்தேன். அவன் எடுத்தான்.
வயதான நாய், வலி தாங்கவில்லை,
மனைவிக்கு இளகிய மனசு,
தொந்தரவுக்கு மன்னியுங்கள் மேடம் என்றான்.
அந்த மேடத்துக்கு நான் கொஞ்சம் சிரித்தும் வைத்தேன்.
சிரிப்பு ஒலிப்பதிவில் இருக்கிறது.

மார்லிஸ் ஹாகன்.
கவுண்டி சாலை பதினொன்று,
சர்க்கரை பீட்ரூட் வயலைத் தாண்டி இடது பக்கம்.
பிறகு அந்த முகவரி
என் கைமச்சம் போல் பழகிவிட்டது.
ஷெரீஃபின் ஆட்கள் போவார்கள்.
டாரலோடு காப்பி குடிப்பார்கள்,
பள்ளிக்கூடக் கால்பந்தில் அவன் உடைத்துக்கொண்ட
முட்டியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவார்கள்.
நான் தட்டச்சு செய்வேன்: குடும்பத் தகராறு. முடிந்தது.
ஒரு முறை, கழுத்தைப் பிடித்தார் என்றாள்.
பிடித்ததற்கும் நெரித்ததற்கும்
படிவத்தில் ஒரே கட்டம்தான்.

ஆலையில் ஒரு பெண் மேற்பார்வையாளராக வந்த வருடம்
மதுக்கடையில் அவன் சொன்னானாம்,
"ஒரு பொம்பள என் நேரத்தைக் குறிக்கிறா.
ஒரு நாள் எல்லாருக்கும் காட்டுறேன்."
சிரித்தார்கள். ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.
அப்பாவைப் புதைத்த அன்று
அவன் அழவில்லை என்று மெச்சிய ஊர் இது.
அழாத தண்ணீர் எங்கே போய்த் தேங்கியது என்று
எவரும் கேட்கவில்லை.
வடக்கு டகோட்டாக் குளிரில்
உறைந்த குழாய் எப்படி வெடிக்கும் என்று
இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.
அதைச் சொல்லியே அவனை மன்னித்துவிடப் பார்த்தேன்.
முடியவில்லை.
குழாய் ஆள் தேடிப் போய் வெடிப்பதில்லை.

அவன் முதலில் தேடியது அவளை.

இலையுதிர்காலத்தில் இரண்டு பெட்டியோடு
வெளியே வந்திருந்தாள் மார்லிஸ்.
அன்று கூடத்தின் சமையலறையில்
பெரிய காப்பிப் பாத்திரத்தின் அருகே நின்றாளாம்.
பிறகு மேற்பார்வையாளர்.
பிறகு
கதவுக்கும் அவன் கோபத்துக்கும் நடுவே
யார் யார் தட்டோடு நின்றார்களோ அவர்கள்.
என் மேசையில் பதினான்கு விளக்குகளும்
ஒன்றாக எரிந்தன.
இதுவரை பதினான்கும் எரிந்து
நான் பார்த்ததில்லை.

"எந்த அறிகுறியும் இல்லை," என்கிறார் ஷெரீஃப்.
ஒலிவாங்கிகளின் காட்டுக்குள் நின்று
தொப்பியைக் கழற்றியபடி: "திடீரென்று."
அவர் பொய் சொல்லவில்லை.
நாங்கள் முடிந்தது என்று எழுதியதெல்லாம்
முடிந்துதான் போயிருந்தது, காகிதத்தில்.

விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன்.
மகன் விழித்திருந்தான்.
பதினாறு வயது. ஐனர்.
கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டே கேட்டான்,
வேறு எதையோ கேட்பது போல்:

"அம்மா, அவ அவனை என்ன பண்ணினா?"

வாசலில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை நான்.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
தரையில் ஒரு சின்னக் குளமாகிக்கொண்டிருந்தது.
அறைந்திருப்பேன்.
அழைப்பைத் துண்டிப்பது போல்
அறைக்குள் போய்ப் படுத்தும் இருப்பேன்.
அவன் குரலில் வன்மம் இல்லை.
அதுதான் என்னை உட்கார வைத்தது.
அவ்வளவு சாதாரணமாக,
உப்பு எங்கே என்பது போல.

நாற்காலியை இழுத்தேன்.
மேசையில் இப்போது ஒரே ஒரு விளக்கு,
எரிந்துகொண்டிருக்கிறது, எதிரே.
"சாப்பிடு," என்றேன்.
"சொல்றேன். முடியும் வரைக்கும் எழுந்து போகாதே.

அவங்க வீட்ல ஒரு நாய் இருந்துச்சு."