ஆரஞ்சு நிறப் பொத்தான்

ஜூலையில் அஜெனோர் வந்தார்.
சமையலறைப் பின்வாசலில் நின்றபடி
அடையாள அட்டை கேட்டார், ஒரு கையெழுத்தும் கேட்டார்.
கையெல்லாம் மீன் செதிள். துடைத்துவிட்டுப் போட்டேன்.
வேலையை நிரந்தரமாக்கும் தாள் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
அவர் ஆமாம் என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

பத்துக்கு மூன்று பெண்கள் வேண்டும் என்கிறது சட்டம்.
ஆண்கள் எப்போதோ தயார்:
லாரி முதலாளி, பல் மருத்துவர்,
போதகர், போதகரின் மைத்துனர்.
மிச்ச இடத்தை நிரப்ப
அஜெனோரின் மனைவி,
அந்த மனைவிக்கு நகம் பூசிவிடும் பெண்,
முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப்போடும் நான்.

எங்கள் ஊரில் இதற்கு ஆரஞ்சு என்று பெயர்.
பினாமி என்றாலும் அதேதான்.
சாறு ஒருவருக்கு, சக்கை ஒருத்திக்கு.

மாநிலச் சட்டமன்றத்துக்கு நான் நிற்கிறேன் என்பதை
மீன்காரன் ஒடோரிகோ சொல்லித்தான் அறிந்தேன்.
"என்ன வால்டிரேனி, பெலேம் போனால் எங்களை மறந்துவிடுவாயா?"
கிண்டல் என்று சிரித்தேன்.
இரவில் மகன் கைபேசியில் தேடிக் காட்டினான்.
94617.
என் பெயர். என் படம்,
சுகாதார அட்டைக்கு எடுத்தது, கண் பாதி மூடி.
தொழில் என்ற இடத்தில்: இல்லத்தரசி.
பத்தொன்பது வருடம் அரசாங்க அடுப்பில் வெந்தவளுக்கு
அதுதான் முதலில் சுட்டது.

போய்க் கேட்டேன்.
"நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.
சும்மா இரு" என்றார்.
அதுவே என் பிரச்சாரம் ஆயிற்று.

அக்டோபர் ஞாயிறு. வாக்குச்சாவடி
என் பள்ளிக்கூடம்தான், நான்காம் வகுப்பு அறை.
சுவருக்கு அந்தப் பக்கம்
என் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன.
அட்டை மறைப்புக்குப் பின்னே இயந்திரம்.
முதலில் தேசிய மன்றம்:
மைத்துனன் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டின்படி
வழக்கம்போல் யாரோ ஒருவருக்கு.
அடுத்தது மாநிலம். காலியாய் ஐந்து கட்டங்கள்.
விரல் தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன்.
நான்தான் அழுத்தினேன்.
9. 4. 6. 1. 7.

திரையில் நான்.
அரைக்கண்ணோடு.
யாரும் பார்ப்பதற்கென்று வைக்காத முகத்தை
நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே மூன்று பொத்தான்கள்.
வெள்ளை: யாருக்கும் இல்லை.
பச்சை: உறுதி.
நடுவில் ஆரஞ்சு. அதன்மேல் எழுதியிருந்தது:
திருத்து.
எத்தனை தேர்தல் இதன் முன் நின்றிருக்கிறேன்,
இந்த நிறத்துக்கு இந்த வேலை என்று
ஒருநாளும் கவனித்ததில்லை.

வெளியே யாரோ இருமினார்கள். வரிசை நீளம்.
பச்சையை அழுத்தினேன்.

லாரி முதலாளி ஜெயித்தார். வெடி வெடித்தார்கள்.
94617க்கு மூன்று ஓட்டு.
அஜெனோர் வந்தார், இம்முறை முன்வாசல் வழியாக.
"மூன்றா? யார் போட்டது?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்று என்னுடையது.
மகனுக்கு வயது பதினான்கு.
பாத்திரம் கழுவும் நெய்டே
அவர் கேட்டபோது தலையைத் தூக்கவே இல்லை,
ஆனால் குழாயை மூடிவிட்டாள்.
ஒடோரிகோ மறுநாள் இரண்டு மீன் கூடுதலாகப் போட்டான்.
குடித்திருந்தான், அது கணக்கில் வராது.
பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார்களை
ஒவ்வொருத்தியாகப் பார்க்கிறேன்.
நீயா? நீயா?

பிறகு தேர்தல் நீதிமன்றத்திலிருந்து கடிதம்.
என் பிரச்சாரத்துக்கு ஆன செலவு
நாற்பத்தோராயிரம் ரெயாலாம்.
அச்சடித்த ஒட்டுப்படம் மட்டும்
முப்பதாயிரமாம்.

செவ்வாய்க்கிழமை, ஏப்ரனைக் கழற்றாமலே
கட்சி அலுவலகம் போனேன்.
மேசைக்குப் பின்னால் இருந்த பெண்
என்ன வேண்டும் என்றாள்.
"என் ஒட்டுப்படங்கள்."
முப்பதாயிரமும் வேண்டாம்.
இப்போதைக்கு இரண்டு போதும்.
ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டு
மீதிக்கு வருகிறேன்.