அறையின் சத்தம்

மில்வாக்கியில் மிச்சல் தெரு,
மூடிப்போன செருப்புக் கடையின் மாடி.
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை.
ஏறி வருகிறவர்கள் படியிலேயே
பூட்ஸ் பனியை உதறிவிட்டு வருகிறார்கள்.
பதினாறு மடக்கு நாற்காலி,
பதினேழு பேர்,
எலியாசர் வாங்கி வந்த தமாலே பொட்டலம்,
மனசு வந்தால் எரியும் ஒரு ஹீட்டர்.

மற்ற படப்பிடிப்புகளில்
எங்களில் ஒருவர்தான் இருப்போம்.
கேபிள் சுருட்டிக்கொண்டு,
அல்லது யாராவது தங்கள் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல
அதைப் பார்த்துக்கொண்டு.
இங்கே நாற்காலி போதவில்லை.
அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை.

முதல் ஒரு மணி நேரம் லாவோன்.
இருபத்திரண்டு வருடம் கேமரா சுமந்ததில்
வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருக்கும்.
ஒளிமானியைத் தூக்கிக் காட்டினாள்:
"இது பொய் சொல்லாது.
எந்த முகத்தைக் காட்டி இதை வளர்த்தார்கள்,
அதை மட்டும் மறக்காதே."
தத்துவம் அவ்வளவுதான்.
டூ கெரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்,
பக்கத்தில் என்னை, என் பக்கத்தில் ரெனீயை.
மூன்று நிறம், ஒரே சட்டகம்.
விளக்கை எங்கள் மேல் அடிக்கவில்லை,
சுவரில் அடித்தாள்.
சுவர் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தது.

மானிட்டரில் எனக்குக் கன்ன எலும்பு இருந்தது.
பள்ளிக்கூடக் குழுப்படங்களில்
பல்லும் கண்ணும் மட்டுமாகவே
எட்டு வருடம் நின்றிருக்கிறேன்.

அடுத்து என் படம்.
பதினொரு நிமிடம், இன்னும் முடியாத வெட்டு.
என் தம்பி லூஷியஸ்
மருத்துவமனைகளில் தின்பண்ட இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன்.
இரவு வேலை முடிந்து வந்து
சமையலறையில் நின்றபடி சீரியல் தின்பான்.
படம் அதுதான்.

போன வசந்தத்தில் ஒரு மானியக் குழுவுக்கும் காட்டினேன்.
நல்ல மனிதர்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.
"இதில் அவருடைய வலி எங்கே வருகிறது?"
என்றார் ஒருவர், மிக மென்மையாக,
தொலைந்த குடையைத் தேடுகிறவர்போல.
அன்றிரவே தம்பி வீட்டுக்குப் போய்
கேமராவை ஓடவிட்டு
அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.
அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.
அந்த நாற்பது நொடியும் இந்த வெட்டில் இருக்கிறது.

விளக்கு வந்தது.
முக்கியமான படம் என்று யாரும் சொல்லவில்லை.
துணிச்சல் என்றும் சொல்லவில்லை.
ரெனீ ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள்:
"ஏழாவது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் சத்தம் நின்றுபோகிறது.
அதுவாக நின்றதா?"

நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன் என்றேன்,
பதில் தெளிவாகக் கேட்கட்டும் என்று.

"அதுவரைக்கும் அது ஒரு வீடு" என்றாள்.
"அதற்கப்புறம் விசாரணை அறை."

பிறகு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.
நாற்பதையும் தூக்கு என்றான் டூ கெர்.
கரண்டி மேசையில் படும் அந்த ஒரு ஓசையை விட்டுவை,
அதற்கு மேல் ஒரு சட்டகம்கூட வேண்டாம் என்றான் எலியாசர்.
கரண்டி எந்த உலோகம் என்று யாரோ கேட்டார்கள்.
லாவோன் தமாலே இலையை மடித்தபடி,
"உன் தம்பி உயரமா, நீ குனிந்து எடுத்தாயா?
ஏன் கீழிருந்து பார்க்கிறாய்?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.
அவன் என்னைவிடக் குட்டை.

ஹீட்டர் எப்போது எரிய ஆரம்பித்ததென்று தெரியாது.

விடிவதற்குள் தம்பி வீட்டில் இருந்தேன்.
மைக் மட்டும், கேமரா இல்லை.
அறையின் சத்தம் வேண்டும், இரண்டு நிமிடம், என்றேன்.
அவன் ஃபிரிட்ஜைத் திறந்து
பாலை வெளியே எடுக்கப் போனான்.
"எதுக்கு?"
"போன தடவை நீ பிடுங்கிட்டுப் போயிட்ட.
மறுநாள் எல்லாத்தையும் கொட்டினேன்."

பாலை உள்ளே வைக்கச் சொன்னேன்.

ஃபிரிட்ஜ் முனகத் தொடங்கியது.
வெளியே பனி வாரும் வண்டி ஒன்று தூரத்தில் போயிற்று.
லூஷியஸ் வாய் நிறைய சீரியலோடு,
மெல்லாமல்,
எனக்காக நின்றுகொண்டிருந்தான்.
மெல்லு, என்று சைகை காட்டினேன்.
அதுவும் வேண்டும்.