மதி

வண்ணாமடை தாண்டித் தென்னந்தோப்புக்குள்
கோழித்தீவன மூட்டை அடுக்கிய கொட்டகை.
இருபத்தொன்று ஆட்டம்.
சீட்டுப் போடுபவன் ஷைஜு:
கோவாவில், ஆற்றில் மிதக்கிற கப்பலில்
நாலு வருஷம் போட்ட கை.
மேசையில் விரித்த பச்சைத் துணி
அவன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிய திரையில் மிச்சம்.

ஒவ்வொரு கைக்கும் ரெண்டே வார்த்தை கேட்பான்.
வேணோ? மதியோ?

முதல் தடவை சிரித்துவிட்டேன்.
எனக்குத் தெரிந்த மதி வானத்தில் இருக்கும்,
இல்லையென்றால் விதியோடு மல்லுக்கு நிற்கும்.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
சோற்றுக்கும் சொல்கிறார்கள், சண்டைக்கும் சொல்கிறார்கள்,
போதும் என்று அர்த்தம்.

சாயங்காலம் வேலந்தாவளம் சந்தையில்
அறுபது பெட்டி தக்காளி, பெட்டி முந்நூறு.
கமிஷன் போகப் பதினாறாயிரத்து இருநூறு.
இருபதானால் எழுந்துவிடுவேன் என்று உட்கார்ந்தேன்.
இருபதானது.
இருபத்தைந்தானால், என்றேன்.
பத்தரை மணிக்கு முப்பத்தொன்று.
அப்போது எழுந்தேன்தான்.
தென்னை மூட்டில் ஒன்றுக்குப் போய்விட்டு
அதே நாற்காலிக்கு வந்தேன்.

அதற்கப்புறம் கணக்கு பின்பக்கமாய் நடந்தது.
இருபதுக்கு இறங்கினால் எழலாம்.
போட்ட முதல் வந்தால் எழலாம்.
டீசலுக்கு மிஞ்சினால்.
கோடு கிழித்தவன் நான்,
ராவோடு ராவாக அதைத் தள்ளி வைத்தவனும் நான்.
எங்கள் ஊரில் வரப்பை இப்படி நகர்த்தினால்
அரிவாள் எடுப்பார்கள்.

கொடுவாயூர் மைமூன், கறிக்கோழிப் பண்ணைக்காரி,
நல்லாப் போய்க்கொண்டிருக்கிற ஆட்டத்தில்
நோட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.
"நாலு மணிக்குக் குஞ்சு லாரி வரும்."
அவ்வளவுதான்.
ஜெயித்தாளா தோற்றாளா தெரியாது.
எண்ணிப் பார்த்த மாதிரியே இல்லை.

ஷைஜுவுக்குப் பதினேழு வந்தால் நின்றாக வேண்டும்.
பதினாறென்றால் எடுத்தாக வேண்டும்.
நப்பாசைக்கு அவனிடம் இடமே இல்லை,
எங்கே நிற்பது என்று எவனோ எழுதிக் கொடுத்துவிட்டான்.
விடிந்ததும் குளித்துவிட்டுத் தூங்குவான்.
எனக்கோ வேலியே இல்லாத காடு.

ரெண்டே கால்.
என் கையில் கிளாவர் பத்து, டைமன் ஆறு.
அவன் பக்கம் இஸ்பேடு ராஜா முறைக்கிறான்.
துணிமேல் நாலாயிரம், சட்டைப்பையில் எழுநூறு.
வேணோ? மதியோ?

கரண்ட் போனது.

ஒருத்தரும் எழவில்லை.
ஆளாளுக்குத் தன் பணத்தின்மேல் கைவைத்த சத்தம்,
கிணற்றில் தவளைகள் ஒன்றாய்க் குதித்த மாதிரி.
மேட்டில் யாரோ பீடி பற்றவைத்து அணைத்தார்கள்.
மூக்கைத் தேய்த்தேன்:
விரலில் இன்னும் தக்காளிக் காம்பின் பச்சை வாடை.

"மதி" என்றேன்.
பதினாறுக்குச் சொன்னேனா
ராத்திரிக்குச் சொன்னேனா
சொன்ன வாய்க்கே தெரியாது.

வெளிச்சம் வந்ததும் அவன் கீழ்ச்சீட்டைப் புரட்டினான்.
ஆறு. அவனுக்கும் பதினாறு.
எடுத்தாக வேண்டும், எடுத்தான்.
ஒன்பது. வெடித்தான்.

எட்டாயிரத்து எழுநூறு.
தோற்றிருந்தால் போயிருப்பேன்.
நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து
ஐந்நூறு வைத்தேன்.
சீட்டு என்னைத் தாண்டி
அடுத்தவனுக்குப் போய் விழுந்தது.

"எனக்கு?"

ஷைஜு தலை தூக்கவில்லை.
"மதின்னு பறஞ்ஞில்லே?"

கோபம் வந்தது.
அது அந்தக் கைக்கு மட்டும் சொன்னது என்று வாயெடுத்தேன்,
ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஐந்நூறை எடுத்துக்கொண்டேன்.

வெளியே டெம்போவில் காலிப் பெட்டிகள்.
அமாவாசைக்கு மறுநாள், மேலே ஒன்றும் இல்லை.
சாவியைத் திருகினேன்.
உள்ளே சீட்டுக் கலைக்கிறார்கள்,
வண்டிச் சத்தத்திலும் கேட்கிறது.
அணைத்தேன்.
பெட்டிகள் ஒருமுறை குலுங்கி
நின்றன.