எட்டு மணி

மூய் ரிவரில் ஜூலை மாதம், விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
முற்றத்துக் குழாய் இருமியது, தண்ணீர் வரவில்லை.
நேற்றே வாளியில் பிடித்து வைத்தது
மேலே கண்ணாடி, கீழே தண்ணீர்.
கரண்டிக் காம்பால் உடைத்துக் கெட்டிலில் ஊற்றி
காஸ் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பத்து மணிக்கே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.
பேட்டரியை சார்ஜரில் மாட்டிவிட்டுத்தான் படுத்தேன்;
இப்போது சார்ஜரில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.
பக்கி எஸ்கோர்ட்டில், மெக்கானிக்கிடம்.
ஆக, இந்த பேட்டரி மூன்று முறை சுற்றும்.
மூன்றாவது முறை, பாதி.

டிராக்டரைச் சரிவில் நிறுத்து என்று
தயாளனிடம் எத்தனை தடவை சொல்வது.
சரிவில் நின்றால் பேட்டரியே வேண்டாம்,
கல்லை எடுத்து, உருளவிட்டு, கிளட்சை விட்டால் போதும்.
நேற்று அவன் நிறுத்தியிருப்பது
இந்தப் பண்ணையில் சமமாக இருக்கிற ஒரே இடம்.
பானெட் மேல் ஒரு கம்பளி.
டார்ச் அடித்துப் பார்த்தேன். என் கம்பளி.
லேடிஸ்மித்திலிருந்து தங்கை கொண்டுவந்தது,
நான் ஒருமுறைகூடப் போர்த்தாதது.
அதன் மேல் உறைபனி கல்லுப்பாய் நின்றது;
அடியில் தகரம் காய்ந்திருந்தது.
எதற்குக் கோபப்படுவது என்று தெரியாமல்
உதறி மடித்து சீட்டுக்குப் பின்னால் செருகினேன்.

போங்குமூசா வந்தான், சிகரெட் இல்லாமலே வாயில் புகை.
ஃபில்டரைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டினான்.
கண்ணாடிக் கிண்ணத்தில் டீசல்
மார்கழி நெய்யாக வெளுத்துக் கிடந்தது.
கிண்ணம் விரிந்துவிடாமல்
காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல
வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.
ஓரம் முதலில் தெளிந்தது.

சாவியைப் பாதி திருப்பி ஹீட்டரில் வைத்து
இருபது விநாடி பொறுக்க வேண்டும்.
நான் எண்ணினால் ஒண்ணு ரெண்டு மூணு என்று
பன்னிரண்டிலேயே கை ஸ்டார்ட்டருக்குப் போய்விடும்.
முதல் முறை அப்படித்தான் போனது.
அரைச் சுற்று. ஒரு முனகல்.

நகருங்கள் என்று சொல்லி அவன் ஏறினான்.
அவன் ஜூலுவில் எண்ணுவான், பத்து வரைக்கும் போதும்.
கூன்யே. கூபிலி. கூதாது.
ஆறும் ஏழும் மேடு ஏறும்.
அப்புறம் எட்டு:
இசிஷியாகலோம்பிலி.
பத்து விரலில் இரண்டை விட்டுவிடு என்று அர்த்தமாம்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹீட்டர் சிவந்துவிடும்.
ஒன்பது இன்னும் நீளம்.

இரண்டாவது முறை ஒரு சிலிண்டர் பேசியது,
மற்ற இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன.
மூன்றாவது முறை அவன் பதினொன்றுவரை போனான்.
டக். டக். டகடகடக.
முற்றமெல்லாம் வெள்ளைப் புகை,
ஆடுகள் காணாமல்போய்த் திரும்ப வந்தன.

போனில் மோர்கன். தார் ரோட்டில் லாரியோடு நிற்கிறான்,
ஓடைக்கு இந்தப் பக்கம் லாரி இறங்காது.
முட்டைக்கோஸ் எங்கே என்றான்.
பத்து நிமிஷம் என்றேன்.
அதுதான் ஓடுகிற சத்தம் கேட்கிறதே!
ஓடவில்லை மோர்கன், நின்றுகொண்டு ஓடுகிறது.
எண்ணெய் சூடேறாமல் இழுத்தால்
பேரிங் போகும், அதை நீயா வாங்கித் தருவாய்.

புகை நீலமாகி, மெலிந்தது.
பானெட்டில் இரண்டு கையையும் வைத்தேன்,
முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு வலித்தது.
போங்குமூசா எக்ஸாஸ்டுக்கு முதுகைக் காட்டி நின்றபடி
போன மாதத்து நாலு நாள் கூலியைக் கேட்டான்.
இந்த இரைச்சலில்
காதில் விழவில்லை என்று இருந்திருக்கலாம்.
கம்பளியை உருவி நீட்டினேன்.
கூலிக்குப் பதிலாகவா, என்று பார்த்தான்.
டிரெய்லரில் குளிரும், போர்த்திக்கொள் என்றேன்.
வாங்கிக்கொண்டான். போகவில்லை.

மோர்கன் பணம் தந்ததும் தருகிறேன்.
எத்தனை மணிக்கு?
எட்டு, என்றேன்.
தமிழில் அது கையில் அடங்கும் அளவு சின்னது.
அவன் என் முகத்தைப் பார்த்து
முழு நீளத்துக்கும் அதைத் திருப்பிச் சொன்னான்,
ஒரு எழுத்துகூட விடாமல்.

முள் ஏறிவிட்டது.
முதல் கியர். சக்கரத்தடியில்
புல் நொறுங்கும் சத்தம், ஓடைவரைக்கும்.