சூடை

சூடை வாங்கி வாங்க என்று அனுப்பினேன்.
கச்சான் காத்து முகத்தைப் பொசுக்குகிற மாதத்தில்
புதுக் குடையொன்றோடு வந்து நின்றார்.
அன்றைக்குத்தான் நான் சிரிப்பதை விட்டேன்.

சம்மாந்துறை மில்லில் இருபத்தாறு வருசம்.
நெல்லைத் தின்ற இரைச்சல்
இவர் காதில் முதலில் தின்றது 'ச'வை.
சபூறாவைக் கூப்பிடுங்க என்று வாசலில் யாரும் நின்றால்
'கபூர் இங்க இல்லையே' என்பார்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
நிரோஜினி என்ற பிள்ளை மெசினைக் கையில் வைத்தாள்.
அவரை விதை மாதிரி ஒன்று.
முன்னுக்கு ஒரு துளை, பின்னுக்கு ஒரு துளை.
முன்னால் வாறதை எடுக்கும்,
பின்னால் வாறதைக் கழிக்கும்,
முழுக்கக் கழிக்காது, அன்ரி.
சன நெரிசலில் இரைச்சலை முதுகுப் பக்கம் விடச் சொல்லுங்க.
கேட்க வேண்டிய ஆள் முகத்துக்கு நேரே.

வீட்டில் நல்லாத்தான் இருந்தது.
கோழி மண் கிளறுவதைக் கேட்டு எழும்பினார்.
கல்முனைச் சந்தைக்குள் இறங்கினதும்
காதைப் பொத்திக்கொண்டார்.
லொத்தர்க்காரனின் ஸ்பீக்கர், ஓட்டோ,
சீமெந்தில் இழுபடும் ஐஸ் பெட்டி,
அக்கரைப்பற்று அக்கரைப்பற்று என்கிற கொண்டக்டர்,
எல்லாம் ஒரே உயரத்தில்.
என் குரல் உமியோடு உமி.

என்ன? என்ன?
பிறகு நினைவு வந்தவர்போல
என் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் நகர்த்தி
சந்தை முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு
எனக்கு நேரே நின்றார்.

காவின் எழுதி இருபத்தொன்பது வருசம்.
இந்த மனுசன் என்னோடு கதைத்ததெல்லாம்
சைக்கிளுக்குக் காத்தடித்துக்கொண்டு,
கதவடியில் செருப்பைத் தேடிக்கொண்டு.
இப்போது ஒரு முழத் தூரத்தில்
இரண்டு கண்ணும் என் வாயில்.
சொல்ல வந்தது மறந்துபோனது.
முக்காட்டை இழுத்து வாயை மூடப் போனேன்.
'மறைக்காதே' என்றார், கொஞ்சம் சத்தமாக.
மீன்காரன் திரும்பிப் பார்த்தான்.

சூடை, என்றேன், ஆறுதலாக.
'சூடை. எவ்வளவு?'
அரைக்கிலோ போதும் என்று தொடங்கி
மருமகன் அனுப்பாத காசு,
அடுப்படித் தகரத்தின் ஓட்டை,
லாத்தாவோடு பேச்சற்றுப்போன அந்தப் பெருநாள்,
அவ்வளவையும் அந்தச் சுவரடியிலேயே சொன்னேன்.
இவர் கண்ணை எடுக்கவில்லை.

இடையில் எப்போதோ பற்றரி செத்துவிட்டதாம்.
பஸ் ஏறின பிறகுதான் சொன்னார்.
எதுவரைக்கும் கேட்டது என்று நான் கேட்கவில்லை.
மடியில் மீன் பை.
ஐஸ் உருகி
என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.