தாக்கோல்

குளச்சலில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு
மூன்று பூட்டு.
கேட்டுக்கு ஒன்று, குளிர் அறைக்கு ஒன்று,
டீசல் டிரம் வைத்த கொட்டகைக்கு ஒன்று.
மூன்று தாக்கோலும் கிளீட்டஸ் முதலாளியின் இடுப்பில்,
குளிக்கும்போதுகூட என்று கேள்வி.

கணினிக்கும் ஒன்று இருந்தது:
அவருடைய விசைப்படகின் பெயரும்
அது கடலில் இறங்கிய வருடமும்.
அதே பெயர், அதே வருடம்,
சிவப்புப் பெயின்டில் முழ நீள எழுத்தில்
படகின் அணியத்தில்.
துறைமுகம் அதை வாசித்துவிட்டுத்தான்
தினமும் ஏலம் கேட்கப் போகும்.

வியாழக்கிழமை வந்தது அந்த மெயில்.
‘மானிய டீசல்: திருத்திய பட்டியல்.’
வெளியே கட்டி உடைக்கிற மெஷின் சத்தம்.
ஏழு படகுக்கு ஐஸ் ஏற வேண்டும்.
பில் கேட்டு ஒருவன் ஜன்னலை விரலால் தட்டுகிறான்.
அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து கூடுதல்.
இப்போது கண்ணை மூடினாலும் தெரிகிறது அந்த எழுத்து.
அன்று தெரியவில்லை.
திறந்தேன்.
பட்டியல் இல்லை, வெள்ளைத் தாள்.
திரை ஒருமுறை இமைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
நாலரை பஸ்ஸைப் பிடித்தேன்.
ராத்திரி முழுக்க மீன் முள் மாதிரி ஒன்று தொண்டையில்;
சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

வெள்ளி காலை
பதினொரு வருடக் கணக்கும் வாய் கட்டிக் கிடந்தது.
ஒவ்வொரு கோப்பின் வாலிலும் புரியாத நாலு எழுத்து.
நடுவில் ஒரு மிரட்டல்,
கண்ணால் கண்டிராத காசில் விலை.
“அந்தக் காசு கிலோ என்ன வெல?” என்றார் முதலாளி.
யாரும் சிரிக்கவில்லை.

தக்கலையிலிருந்து அனீஸ் வந்தான்.
ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
“நகல் வச்சிருக்கீங்களா?”
இருந்தது. வாராவாரம் பென் டிரைவில் எடுத்தேன்.
எடுத்து,
அந்தக் கணினியிலேயே செருகி வைத்திருந்தேன்.
“லைஃப் ஜாக்கெட்டப் படகோட சேத்து
ஆணி அடிச்சிட்டீங்களே அக்கா.”
அதுவும் முங்கியிருந்தது.

அப்புறம் சொன்னான், திரையைப் பார்த்தபடி:
“நேத்து மத்தியானமே உள்ள வந்திருக்கு.
அப்பவே ஒயரப் பிடுங்கியிருந்தா இந்த ஒண்ணோட போயிருக்கும்.
ராத்திரிதான் அடுத்த அறைக்குத் தாண்டியிருக்கு.
ரெண்டுக்கும் ஒரே தாக்கோலு.”

நேற்று மத்தியானம்.
அங்கேதான் நான் வாய் திறந்தேன்.

முதலாளி கத்தினார்.
கத்தவில்லை என்று எழுதினால் பொய்.
ஐஸ் ஏற்றுகிறவர்கள் கை நின்று திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்.
“வள பார்ல சிக்கினா
கண்டவன் மொதல்ல கூவணும் பிள்ளே.
எவன் போட்ட வளன்னு கரைக்கு வந்து கேக்கலாம்.”

பணம் கட்டவில்லை.
சைபர் கிரைமில் புகார் எழுதிக் கொடுத்தோம்.
பதினாறு நாள் கோடு போட்ட நோட்டில் கணக்கு.
படகுக்காரர்கள் வந்து அவரவர் பாக்கியைச் சொன்னார்கள்.
சூசடிமை நாற்பது கட்டி என்றார்.
என் ஞாபகத்தில் முப்பத்தாறுதான்.
நாற்பது என்றே எழுதினேன்.
இன்னொருவர், பெயர் வேண்டாம்,
இன்றுவரை இந்தத் தெருவழி வருவதில்லை.

இப்போது என் தாக்கோல் நாலு சொல்,
ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை,
எந்த அணியத்திலும் யாரும் எழுதாதவை.
அதோடு போனில் வருகிற ஆறு எண்ணும் சேர்ந்தால்தான்
கதவு அசையும்.
“எனக்கும் சொல்ல மாட்டியா?”
“ஒங்களுக்கு ஒங்களுது இருக்கே.”
வங்கியிலிருந்து என்று குழைகிறவனிடம்
“நானே கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டு
பாஸ்புக்கில் அச்சான எண்ணைத் தேடி எடுக்கிறேன்.
பாதிப் பேர் அதற்குள் காணாமல் போகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம்
நகலைப் பிடுங்கி
டிஃபன் பாத்திரத்துக்கு அடியில் வைக்கிறேன்.
யார் யாருக்கு எத்தனை கட்டி,
யார் எவ்வளவு தரணும் என்பதெல்லாம்
மீன் குழம்பு வாசத்தோடு
கருங்கல் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வருகிறது.
கண்டக்டர் எனக்கு மட்டும்தான்
டிக்கெட் கிழிக்கிறார்.