ஊழியர் முகம் கூடாது

ரோஸ் ஹில் நிலையம், இரண்டாம் நடைமேடை.
பிற்பகல் காவல் எனக்கு.
பலகையில் பிரெஞ்சில் இருப்பது
என் தமிழில் இப்படி வரும்:
சும்மா எடுக்கலாம்.
முக்காலி கூடாது. ஃபிளாஷ் கூடாது.
மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.
ஊழியர் முகம் கூடாது.

சும்மாவுக்கு அளவுகோல் யாரும் தரவில்லை.
நானே ஒன்று வைத்துக்கொண்டேன்.
வண்டி வருமுன் முடித்துவிட்டால் சும்மா.
அந்த வண்டியையும் விட்டுவிட்டு நின்றால்
கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.
லென்ஸ் முழ நீளம் இருந்தால்
ஆள் சத்தியமே செய்தாலும்
ழோஸ்லினைக் கூப்பிட வேண்டும்.
ழோஸ்லின் மேற்பார்வை.
அவளுக்கு உலகத்தில் எதுவுமே சும்மா கிடையாது.

போன மாதம் கியூர்பீப்பிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி.
பன்னிரண்டு பேர், ஒரு வெள்ளிக் குடை,
புடவைத் தலைப்பைக் காற்றில் வீசிவிட
தனியாக ஒரு பையன்.
"ஜிஸ் கூம்சா, மிசியே" என்றான் மாப்பிள்ளை,
சும்மாதான் ஐயா.
சிரித்துவிட்டேன். பெண்ணும் சிரித்தாள்.
குடையை மட்டும் மடக்கச் சொன்னேன்.

வண்டி எண்களைப் படமெடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு,
வீராசாமி, பழைய பஸ் கண்டக்டர்.
எல்லா வண்டியும் எடுத்தாயிற்றே என்றேன்.
மழையில் எடுக்கவில்லையே என்றார்.
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

எதிரே கோர் தெ கார்ட் மலை.
பெயரே காவல் கொட்டடி.
எல்லாப் போனும் அதைப் பார்த்துத்தான் உயர்கிறது.
என்னைப் போலவே நாள் முழுக்க நிற்கிறது,
அதன் முகத்துக்குத் தடையில்லை.

எத்தனை போன்களின் ஓரத்தில்
என் முழங்கை இருக்குமோ.
ரெயூனியனிலிருந்து தங்கை உமாவதி கேட்கிறாள்,
வேலையில் இருக்கும் படம் ஒன்று அனுப்பேன் என்று.
என் போன் பணி முடியும்வரை லாக்கரில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
டை தளர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்
மலையை எடுத்தாள், கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது.
போய்க் கையை உயர்த்தினேன்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
மலை. ஒற்றை மேகம். கீழே நான்.
தொப்பி கையில்.
யாரோ சொல்லும் வேடிக்கைக்குச்
சிரிக்கப்போகிறவன் போல வாய் பாதி திறந்து.
தொப்பியை எப்போது கழற்றினேன்?
அது வேறு ஒரு விதி.

"அழிக்கணுமா? நல்லாயிருக்கே."

தலைக்கு மேல் கேமரா,
அதன் மறுமுனையில் ழோஸ்லின்.
அழி என்றேன்.
கட்டை விரல் அழுத்தியதில்
மலையும் போயிற்று, மேகமும்.
வண்டிக் கதவு திறக்கும்போது
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"முப்பது நாள் குப்பையில் இருக்கும், தோந்தோன்.
அப்புறந்தான் நிஜமாப் போகும்."

இன்று பத்தொன்பதாம் நாள்.
மூன்று நாற்பது வண்டிக்கு வருகிறாள்,
தோழிகளோடு, என்னைப் பார்க்காமல்.
நானும் கேட்கவில்லை.
தொப்பியைச் சரிசெய்துகொள்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது.
போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு
வீராசாமி வந்துவிட்டார்,
கண்ணெல்லாம் தண்டவாளத்தில்.
மஞ்சள் கோடு, ஐயா,
மஞ்சள் கோடு.